மூன்று மாதச் சாமை

காவலூர்
18 நவம்பர் 2024

சகிலா,

கைபேசியில் கூப்பிட்டால் நீ எடுக்கப் போவதில்லை. எடுத்தாலும் இந்தக் கிடங்கின் வாசற்படியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பேசினால் கிடங்குக் காவலாளி முனியனுக்கும் எதிர் டீக்கடைக்கும் சேர்த்துப் பேசியதாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

வந்து நாலு மாதம் ஆகிறது. நான் சென்னையிலிருந்து கிளம்பிய அன்று கொள்முதல் பிரிவில் எல்லோரும் மாடிப்படி வரை வந்தார்கள். நீ மட்டும் கோப்பில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாய். பதினேழு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவள். போகட்டும்.

கிடங்கை ஒட்டி ஓர் அறை எனக்கு. ஜன்னலைத் திறந்தால் மரங்களுக்கு மேல் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம். அங்கே வேலை செய்கிறவர்களின் வேன் காலையில் ஒரு பக்கம் போகும், மாலையில் மறுபக்கம் வரும். அதில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் வேன் தாமதமானால் கவலைப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலங்காயம் பேருந்தில் ஏறி, அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, அதே பேருந்தில் திரும்புகிறேன். மூன்றாவது வாரம் நடத்துநர் கேட்டுவிட்டார். "இன்னா மேடம், ஆலங்காயத்துல யார் வூடு?" "சும்மா" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் கேட்பதில்லை. சந்தவாசலில் இருக்கும் என் அண்ணன் கலையரசன், "மலைக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் நீ. அப்புறம் இன்னா தனிமை?" என்கிறார். தலைமை அலுவலகத்திலிருந்து தூக்கிப் போடப்பட்டவளுக்கு மலையின் எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

இனி விஷயம். நெல்லிவாசல் பெண்கள் குழுவைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் நோட்டீஸ் இங்கே நகல் வந்தது. 'பழைய, கெட்டுப்போன சாமை அரிசியைக் கலந்து வழங்கியமைக்காக, மூன்றாண்டுகள்.' கீழே உன் கையெழுத்து.

அவர்கள் கலக்கவில்லை. செப்டம்பரில் துணிமூட்டைகளில் அந்த அரிசி வந்து இறங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். புதிதாக, மணமாக இருந்தது. அக்டோபர் கடைசியில் அதே மூட்டைகளைப் பிரித்தால் காறல் வாடை. நவம்பரில் பள்ளி விடுதிப் பிள்ளைகள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்கள். கெட்டது என் கிடங்கில். கெடுத்தது உன் ஷரத்து. மூன்று மாதச் சரக்கையும் ஒரே நடையில் இறக்க வேண்டும் என்ற அந்தப் பசுமை ஷரத்து. லாரி மூன்று முறை மலை ஏறாமல் ஒரு முறை ஏறினால் டீசல் மிச்சம், காற்றும் மிச்சம் என்று இயக்குநர் மேடையில் பேசினாரே, அது.

உன்னிடம் இதற்குச் சாட்சி இருக்கிறது. ஒப்பந்தத்தின்போது குழு கொடுத்த மாதிரி அரிசி, அரக்கு முத்திரையோடு உன் அலமாரியில்தான் இருக்கும். போன டிசம்பரில் நீ, நான், குழுத் தலைவி செல்லியம்மாள் மூவரும் அதன்மேல் கையெழுத்துப் போட்டோம். அதைப் பிரித்துப் பார். அதுவும் காறிப்போயிருந்தால், இது கலப்படம் இல்லை, நாள்பட்டது என்று விளங்கிவிடும்.

நாற்பத்திரண்டு வீடுகள் சகிலா. 'கலப்படக் குழு' என்று பெயர் விழுந்தால் ஆலங்காயம் வியாபாரிகூட அவர்களிடம் ஒரு படி வாங்கமாட்டார்.

தமிழரசி


சென்னை
27 நவம்பர் 2024

அனுப்புநர்: சகிலா ஃபரூக், கண்காணிப்பாளர், பசுமைக் கொள்முதல் பிரிவு, விடுதி வழங்கல் இயக்ககம்.
பெறுநர்: திருமதி தமிழரசி, கிடங்கு மேலாளர், காவலூர்.
பொருள்: முத்திரையிட்ட சாமை மாதிரியைப் பிரித்துப் பார்க்கக் கோருதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் தனிப்பட்ட கடிதம், நாள் 18.11.2024.

அம்மையீர்,

தனிப்பட்ட கடிதத்தின் பேரில் முத்திரையிட்ட மாதிரியைப் பிரிக்க விதிகளில் இடமில்லை எனத் தெரிவிக்கலாகிறது. விசாரணையின்போது, இயக்குநர் முன்னிலையில் மட்டுமே பிரிக்க இயலும்.

இத்துடன் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். முடியவில்லை. திருமணமே ஆகாத உனக்குத் 'திருமதி' போட்டிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். எவ்வளவு கோபத்தில் உட்கார்ந்தேன் என்று தெரிந்துகொள்.

உன் ஷரத்து, உன் கையெழுத்து, உன் அலமாரி. எல்லாம் என்னுடையது. அந்தப் பசுமை விதிகளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தபோது மட்டும் 'நம்முடைய' விதிகள். ஆமாம், அந்த ஷரத்தை எழுதியது நான்தான். மறுத்தேனா? ஜூன் மாதக் கூட்டத்தில் முந்தைய சரக்கைப் பற்றி முதல் புகார் வந்தபோது, "இந்த ஒரே நடை யாருடைய யோசனை?" என்று இயக்குநர் கேட்டார். ஏழு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். எட்டாவது ஆளான நீ ஜன்னலைப் பார்த்தாய். "நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது சார்" என்று ஒரு வரி. அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று. தூக்கிப் போட்டார்களா உன்னை? மாறுதல் கேட்டு நீ எழுதிய விண்ணப்பம் என் மேசை வழியாகத்தான் போனது. 'சொந்தக் காரணங்களுக்காக, காவலூர்.' நம் இயக்ககத்துக்கு இருபத்தெட்டுக் கிடங்குகள். காவலூரை இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை. ஏன் என்று என்னிடம் சொல்லவும் இல்லை, கோப்போடு என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனாய். படிக்கட்டு வரை வந்து நான் கை ஆட்ட வேண்டுமா?

விசாரணை டிசம்பர் பதினேழு. மாதிரியைப் பிரிக்கச் சொல்லி நான் கேட்கிறேன். உனக்காக இல்லை.

சகிலா


காவலூர்
9 டிசம்பர் 2024

சகிலா,

திட்டு கிடைத்தது. தகுந்ததுதான். மாறுதல் நானே கேட்டது உண்மை. காரணத்தை எழுத இப்போது எனக்குத் தெரியவில்லை.

நேற்று நெல்லிவாசல்நாட்டுக்குப் போய்வந்தேன். இரண்டு பேருந்து மாறி, கடைசியில் ஷேர் ஜீப்பில், நாலு பேர் இடத்தில் ஒன்பது பேர். என் மடியில் யாருடைய கோழியோ. இறங்கியதும் கோழிக்காரியிடம் செல்லியம்மாள் வீட்டைக் கேட்டேன். "நோட்டீஸ் குடுத்தாங்களே, அந்த ஆபீஸா?" என்றாள். ஆமாம் என்றேன். கோழியை வாங்கிக்கொண்டு வழியைக் கையால் மட்டும் காட்டினாள்.

செல்லியம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். குழுவின் கொட்டகையில் சாமை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். கூட நாலைந்து பெண்கள். யாரும் எழவில்லை.

"இன்னாம்மா, பேப்பரு அனுப்பினது போதலியா, நேர்ல வேற வந்துக்கினு?"

"உங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? என் பொண்ணு காவியா உங்க விடுதிலதான் ஒம்பதாவது படிக்கறா. 'உங்கம்மா போட்ட கலப்படம்டி'ன்னு தட்ட அவ முன்னாடி தள்றாளுங்களாம். வூட்டுக்கு வந்தவ திரும்பிப் போகமாட்டேன்றா."

பிறகு எழுந்து, மூலையிலிருந்த மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். தோல் உரிக்காத சாமை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, வழுவழுப்பாக இருந்தது. "மோந்து பாரு. இது மூணு வருசத்துக்கு முந்தினது." ஒரு வாடையும் இல்லை. மெஷின் வாயிலிருந்து இன்னொரு பிடி. "இது இப்ப வுட்ட அரிசி." பச்சையாக, பாலேறிய மணம். "தோலோட இருந்தா சாமை அஞ்சு வருசம் கூட கெடக்கும். தோலை எடுத்தா ஒரு மாசம். அதனால வாரத்துக்கு வேணுங்கறதத்தான் மெஷின்ல வுடுவோம். மூணு மாசத்துக்கும் ஒரே வாட்டி அரிசியாக்கிக் குடுன்னு கேட்டா, எங்க மலையில கொழந்த கூட சிரிக்கும்."

"அப்புறம் ஏன் மெட்ராஸ் மீட்டிங்ல சரின்னு சொன்னீங்க?"

அவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லியம்மாள் சிரித்தே விட்டார்.

"யாரு சரின்னது? 'மூணு மாசத்துக்கும் தர்றோங்க, ஆனா தோலோட தர்றோம், உங்க கெடங்குல ஒரு மெஷின் போட்டு வாராவாரம் வுட்டுக்கோங்க'ன்னேன். நீதான எதிர்ல குந்திக்கினு எழுதிக்கினே இருந்த? நான் பேசறப்ப உன் பேனா ஆடுச்சே, நான் பாத்தனே. அத்த எழுதலியா?"

ஆர்டர் வந்தபோது அதில் 'அரிசி' என்றிருந்ததாம். அலுவலகத்துக்கு போன் செய்திருக்கிறார்கள். "ஆர்டரில் இருக்கிற மாதிரி அனுப்புங்கள், இல்லையென்றால் ரத்து" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் இரவு பகலாக மெஷின் ஓட்டியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது முழுக்க யோசித்தேன். கூட்டம் நினைவிருக்கிறது, அவர் கட்டியிருந்த பச்சைப் புடவை நினைவிருக்கிறது, அவர் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் பொய் சொல்கிற முகம் இல்லை அது. அந்தக் கூட்டக் குறிப்பை எடுத்துப் பார். அன்று குறிப்பு எழுதியது நான்தான்.

தமிழரசி


சென்னை
20 டிசம்பர் 2024

தமிழு,

பழைய பெயரில் கூப்பிடுகிறேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, கை தானாக எழுதுகிறது.

விசாரணையில் மாதிரியைப் பிரித்தோம். அரக்கு இறுகிப்போய், ஸ்டேப்ளர் பின் எடுக்கிற கருவியை வைத்துக் குத்திப் பெயர்த்தேன். உறையைத் திறந்ததும் நிதிப் பிரிவு அதிகாரி நாற்காலியோடு பின்னால் போனார். இயக்குநர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இதையா நாம் அங்கீகரித்தோம்?" என்றார். "அன்றைக்கு மணமாக இருந்தது சார், நம் அலமாரியில் இருந்துதான் இப்படி ஆனது. அலமாரியில் யாரும் கலப்படம் செய்யவில்லை" என்றேன். எனக்கே என்னைப் பிடித்த அபூர்வமான கணம் அது. உன் கடிதத்தில் இருந்ததை எல்லாம், செல்லியம்மாள் உன் கையில் கொட்டியது உட்பட, சொன்னேன். வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோல் என்றால் ஆட்டுத்தோல்தான் தெரியும். சாமைக்கு ஒரு தோல் இருப்பதே விதி எழுதி ஒரு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. விதி எழுதுகிறவர்கள் நாம்.

கலப்படக் குற்றச்சாட்டு நீங்கியது. ஆனால் கறுப்புப் பட்டியல் நீங்கவில்லை. 'உண்ணத்தக்க பொருளை வழங்கத் தவறியமை' என்று காரணத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஏனென்றால் குறிப்பு அப்படி. நகல் வைத்திருக்கிறேன், பார். 'மூன்று மாதத் தேவையை ஒரே நடையில் அரிசியாக வழங்கக் குழுத் தலைவி நிபந்தனையின்றி ஒப்புக்கொண்டார்.' உன் கையெழுத்து.

"பதிவில் இருப்பதுதான் நடந்தது" என்றார் இயக்குநர். குழு அன்றே நிபந்தனை சொல்லியிருந்தால்தான் ஆர்டரைத் திருத்தலாம், பட்டியலிலிருந்து எடுக்கலாம். அதற்கு ஒரே வழி, குறிப்பு எழுதியவர் அது முழுமையானதல்ல என்று எழுத்தில் தர வேண்டும். ஜனவரி பத்துக்குள்.

எழுதிக் கொடுத்தால் உனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். அது முடியும் வரை உதவி இயக்குநர் பதவி உயர்வுப் பேனலில் உன் பெயர் வராது. பேனல் பிப்ரவரியில். சென்னைக்குத் திரும்ப உனக்கு இருக்கும் வழி அந்தப் பேனல்தான். இதெல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்லாமல் விட்டேன் என்று ஆகக்கூடாது.

எழுது என்று சொல்லமாட்டேன். எழுதாதே என்றும் சொல்லமாட்டேன். சரிபார்க்காமல் ஷரத்து எழுதியதற்காக எனக்கு நேற்றே குறிப்பாணை வந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன். எங்கள் ஆஸ்மா கேட்டாள், "உம்மா, மெமோன்னா ஸ்கூல்ல முட்டி போட வைப்பாங்களே அதுவா?" அதேதான் என்றேன்.

சகிலா


காவலூர்
30 டிசம்பர் 2024

சகிலா,

நகலை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுத உட்காருகிறேன். 'மேற்படிக் கூட்டக் குறிப்பில்' என்பது வரை வருகிறது. பிறகு எழுந்துபோய் மூட்டைகளை எண்ணுகிறேன். ஏற்கெனவே எண்ணியவைதான்.

உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. பேனலில் பெயர் வராவிட்டால் இங்கே இன்னும் மூன்று வருடம். ஒரு டம்ளர் அரிசி போட்டுச் சமைத்து, அதிலும் மிஞ்சுகிறது. மழை நாட்களில் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்துவிடும். முனியன் விடுப்பில் போன வாரம் ஆறு நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாம் நாள் லாரி ஓட்டுநர் பெயர் கேட்டபோது என் குரல் எனக்கே வேறு யாருடையது போல இருந்தது. பேனலை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறேன்.

ஒரு யோசனை. குறிப்பை நான் கையால் எழுதிக் கொடுத்தேன், தட்டச்சு செய்தவர் சுரேஷ். தட்டச்சில் ஒரு வரி விடுபட்டது என்று கொடுத்தால்? சுரேஷ் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருக்கு எந்தப் பாதிப்பும் வராது. குழுவுக்கு வேண்டியதும் நடந்துவிடும்.

என்ன சொல்கிறாய்?

தமிழரசி


சென்னை
4 ஜனவரி 2025

தமிழு,

இதைப் படித்ததும் எனக்கு வந்த வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது.

சுரேஷ் என் மகள், உன் அண்ணன் பிள்ளைகள் எல்லோருடைய விண்ணப்பங்களையும் சாப்பாட்டு நேரத்தில் அடித்துக் கொடுத்தவர். ஒரு காற்புள்ளி விட்டதில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதால் அவர் பெயர் பொது இடத்தில் கிடக்கிறதா, வருகிறவர்கள் எல்லாம் துடைத்துக்கொள்ள? நீ அப்படிக் கொடுத்தால், அது பொய் என்று நான் எழுதிக் கொடுப்பேன். கைப்பிரதி கோப்பில் இருக்கிறது, தமிழு. அதிலும் 'நிபந்தனையின்றி' என்றுதான் இருக்கிறது.

உன் தனிமை எனக்குப் புரியாது என்று நினைக்கிறாயா? உன் மேசையில் பிரிண்டரை வைத்துவிட்டார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு பங்கு மூடியில் வைத்துவிட்டு, பிறகு நானே எடுத்துச் சாப்பிடுகிறேன். பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண் அதை வீடியோ எடுப்பாளோ என்று பயம் வேறு. இந்த வளாகத்தில் நாலாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். எனக்கும் அரிசி மிஞ்சுகிறது.

மூன்று வருடம் மலையில் இருப்பது கஷ்டம்தான். மூன்று வருடம் 'கலப்படக்காரி' என்ற பெயரோடு இருப்பதை நீ செல்லியம்மாளிடம் கேட்டுப் பார்.

பத்தாம் தேதி ஐந்து மணி வரை பிரிவில் இருப்பேன்.

சகிலா


காவலூர்
7 ஜனவரி 2025

சகிலா,

விரைவுத் தபாலில் இன்று அனுப்பிவிட்டேன். நகல் இணைத்திருக்கிறேன். ஏழு வரிதான். 'தோலோடு வழங்குவதாகவும், கிடங்கிலேயே வாரந்தோறும் அரிசியாக்கிக்கொள்ளும்படியும் குழுத் தலைவி கூறியதை, என் கவனக்குறைவால் குறிப்பில் சேர்க்கத் தவறினேன். வேறு எவருக்கும் இதில் பொறுப்பில்லை.'

ஆலங்காயத்துக்குப் போய்த்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே போவதற்கு இன்று ஒரு காரணம் இருந்தது.

தமிழரசி


சென்னை
24 பிப்ரவரி 2025

தமிழு,

பேனல் வெளியானது. நீ பார்த்திருப்பாய். உன் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. இருவரும் ஒன்றாகத் தவறுவது பதினேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஆனால் இன்னொரு ஆணையும் வந்திருக்கிறது. நெல்லிவாசல் குழு பட்டியலிலிருந்து நீக்கம். ஆர்டர் திருத்தம்: சாமையைத் தோலோடு வாங்குவது, காவலூர் கிடங்கில் ஒரு மெஷின், வாரந்தோறும் அரிசியாக்கி விடுதிகளுக்கு. லாரி மூன்று மாதத்துக்கு ஒரு நடைதான், டீசலும் மிச்சம். அன்றைக்கே எழுதியிருந்தால் அன்றைக்கே நடந்திருக்கும் என்று இயக்குநர் கோப்பில் குறித்திருக்கிறார். எல்லாத் தானியங்களுக்கும் இனி விதி எழுதும் முன் விளைவிக்கிறவர்களிடம் கேட்க வேண்டுமாம். அந்த வரியை நான் வரைவு செய்தேன். குறிப்பாணை நிலுவையில் இருக்கிற ஆளிடம்தான் நல்ல வரைவுகள் கேட்கிறார்கள்.

உன்னை நினைத்தால் இப்போது எனக்குக் கோபம் வரவில்லை. ஞாபகம் இல்லாமல் ஒரு வரி விட்டுப்போவது யாருக்கும் நடக்கும். நினைவில்லாத தவறுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எல்லோருக்கும் நடக்காது.

பெருநாளுக்கு வாணியம்பாடி வருகிறேன். ஃபரூக் அங்கே சொந்தக்காரர்களோடு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் கிளம்பி மலை ஏறி வருகிறேன். பிரியாணி கொண்டு வருவேன். ஒரு டம்ளர் அரிசிக்காரி, அன்றைக்குச் சமைக்காதே.

சகிலா


காவலூர்
16 மார்ச் 2025

சகிலா,

நோன்பு நாட்களில் நீளமாக எழுதித் தொந்தரவு செய்கிறேன். மன்னித்துக்கொள்.

நேற்று முதல் சரக்கு வந்தது. நாற்பது மூட்டை, தோலோடு. செல்லியம்மாளும் இரண்டு பெண்களும் லாரிக்கு முன்னால் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்கள். காவியா திரும்பவும் விடுதிக்குப் போகிறாளா என்று கேட்டேன். "போறா" என்றார். அவ்வளவுதான்.

எல்லாம் இறக்கி முடிந்ததும் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துக்காக அவர் பக்கம் திருப்பினேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"இன்னா எழுதின? படி."

"நீங்களே பாத்துக்கலாமே. படிக்கத் தெரியும்ல?"

"தெரியும். நீ படி. நான் கேக்கறேன்."

படித்தேன். 'தோல் நீக்காத சாமை, நாற்பது மூட்டை, நல்ல நிலையில்.'

"ஈரமில்லாம வந்துச்சுன்னு எழுது." எழுதினேன். "படி." படித்தேன். "இங்க வெச்ச பொறவு ஈரமானா எங்க பொறுப்பில்லன்னு எழுது." எழுதினேன். "மொதல்லேர்ந்து படி." கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாசலில் முனியன், "மேடத்துக்கு இஸ்கூலு நடக்குது" என்றார். நான் நின்றபடியே முதலிலிருந்து உரக்கப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொல் வரை கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். டீ சாப்பிட்டுப் போகலாம் என்றேன். "ஜீப்பு போய்டும்" என்றார். ஜீப் அரை மணி நேரம் கழித்துத்தான் போனது. அதுவரை மூவரும் வெளியே வெயிலில் நின்றிருந்தார்கள்.

இந்தக் கடிதத்தையும் அப்படி உரக்கப் படித்துப் பார்த்தேன், ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று. அறையில் கேட்க யாருமில்லை. இதில் ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் டிசம்பர் ஒன்பதாம் தேதி உனக்கு எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது.

'எனக்கு நினைவில்லை' என்று எழுதினேன். நினைவிருக்கிறது. அன்று மணி ஒன்றேகால். இன்னும் ஆறு குழுக்கள் வராந்தாவில் காத்திருந்தன. செல்லியம்மாள் பேசத் தொடங்கும்போதே எனக்கு அது பெரிய விஷயமாகப் போகும் என்று தெரிந்துவிட்டது. கிடங்கில் மெஷின் என்றால் பொறியியல் பிரிவுக்குக் கோப்பு போக வேண்டும், விதியைத் திருத்த வேண்டும், நம் விதிகள் ஜனவரி முதல் தேதி வெளியாகாது. பேனா ஆடியது என்றாரே, உண்மை. எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, எல்லாக் குழுக்களுக்கும் போட்டதையே இதற்கும் போட்டேன். அடித்த தாளைக் கிழித்து, வேறு தாளில் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். நீ கோப்பில் பார்த்த கைப்பிரதி அந்த இரண்டாவது தாள்.

ஜூன் கூட்டத்தில் ஏழு பேர் உன்னைப் பார்த்தபோது எனக்கு இது தெரியும். அதனால்தான் ஜன்னலைப் பார்த்தேன். ஏன் காவலூர் என்று கேட்டாயே. அந்த மூட்டைகள் வந்து இறங்குகிற இடம் இதுதான். இங்கே இருந்தால் யாருக்கும் தெரியாமல் நானே ஏதாவது செய்து சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். மூட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கினேன், காற்றாட வைத்தேன். அரிசி காறிப்போவதை நிறுத்த முடியவில்லை.

இயக்ககத்துக்குக் கொடுத்ததில் 'கவனக்குறைவால்' என்று போட்டிருக்கிறேன். அதையும் திருத்தி நாளைக்கு அனுப்புகிறேன். அதற்கு வரப்போகும் குறிப்பாணை முந்தையதைப் போல இருக்காது, தெரியும். ஆனால் அதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டும். நினைவில்லாத தவறுக்குக் கையெழுத்துப் போட்டவள் என்று என்னை நினைத்துக்கொண்டுதான் நீ மலை ஏறி வருகிறேன் என்றாய்.

நீ வருவதாகச் சொன்ன நாளிலிருந்து அறையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். இன்னொரு தட்டு வாங்கினேன். இதை எழுதாமல் விட்டிருந்தால் நீ நிச்சயம் வந்திருப்பாய்.

தமிழரசி